மாடி ஏசிக்குப் பதினாலு வயசு

"தடார்!"

மாடியில் எழுந்த சத்தத்தில் டெய்லர் அக்காவின் கத்தரிக்கோல் சட்டைத் துணியில் கோணலாகப் பாய்ந்தது. தொடர்ந்து 'கடகட கடகட' என்று கூரையே அதிர்ந்தது.

எல்லாம் அவள் வாடகைக்கு விட்டிருந்த மாடி வீட்டு ஏசியின் வேலை. வெயில் காலத்தில் குளிரும், குளிர்காலத்தில் வெப்பமும் தர வேண்டிய பெட்டி. பதினாலு வயதாகிவிட்டதால், எல்லாக் காலத்திலும் சத்தத்தை மட்டும் தாராளமாகத் தந்துகொண்டிருந்தது.

அக்கா கத்தரிக்கோலை வைத்துவிட்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். மாடியில் இருப்பவர்கள் தங்கமான தம்பதி. கைக்குழந்தையை வைத்துக்கொண்டும் இந்த இரைச்சலைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் பயமே. முன்பு இருந்தவர்களும் இப்படித்தான் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, ஒருநாள் சாவியை நீட்டினார்கள். இப்போதோ, மாடிக் குழந்தையின் பொக்கைவாய்ச் சிரிப்பைப் பார்க்காமல் அக்காவுக்குப் பொழுதே விடிவதில்லை.

மெக்கானிக் வந்தார். ஏணியில் ஏறி, மூடியைக் கழற்றி, எதையோ முடுக்கி, மறுபடி ஓடவிட்டார். கடகட கடகட. அத்தனை இரைச்சலிலும் குழந்தை கட்டிலில் அயர்ந்து தூங்கியது. 'பாவம், என்ன அசதியோ' என்று அக்கா உருகினாள்.

"இந்த வருஷத்துல இது மூணாவது தடவைக்கா. பத்து வயசும் தாண்டி, வருஷத்துக்கு மூணு ரிப்பேரும் வந்தா, பேசாம மாத்திடணும்."

"இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்னு சொன்னீங்களே தம்பி?"

"ஓடும்தான். அது ஓடுறது தெருமுனை வரைக்கும் கேக்குதே! கையோட உங்க தையல் மெஷினையும் மாத்திடலாமா? அதுக்கு என் வயசு இருக்கும்."

"அதைத் தொட்டீங்க, உங்க வாயைச் சேத்துத் தச்சிடுவேன்!"

மெக்கானிக் சிரித்தார். அக்கா மாடிப் பெண்ணிடம் திரும்பினாள். "நீ என்னம்மா சொல்றே?"

"அதுக்கென்னக்கா, ஓடுற வரைக்கும் ஓடட்டுமே."

அக்காவுக்குப் பகீரென்றது. கிளம்பப் போகிறவர்கள்தானே இப்படிப் பட்டும் படாமலும் பேசுவார்கள்? 'இந்தக் கோடை போகட்டும், இந்தக் குளிர் போகட்டும்' என்று தள்ளிப்போட்டு வந்தவள், நின்ற இடத்திலேயே முடிவெடுத்தாள்.

மறுநாளே புதுப் பெட்டி மாட்டியாயிற்று. பூனை நடப்பதுபோல் அவ்வளவு அமைதி. 'இனி எங்கே போவார்கள்?' என்று அக்கா பாட்டு முணுமுணுத்தபடி தைத்தாள்.

மூன்றாம் நாள் மதியம், வீறிட்டு அழும் குழந்தையோடு மாடிப் பெண் வாசலில் வந்து நின்றாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

அக்கா முதலில் பார்த்தது அவள் கையைத்தான். சாவி இருக்கிறதா? பதற்றத்தில் கால் தானாக மிதியை அழுத்தியது. தையல் மெஷின் கடகட கடகட என்று ஓடியது.

அழுகை சட்டென்று நின்றது. குழந்தை ஒரு கொட்டாவி விட்டது. அம்மாவின் தோளில் சாய்ந்து, ஒரு சட்டைக்கை தைத்து முடிப்பதற்குள் கண்ணை மூடிவிட்டது.

திகைத்துப்போன அக்கா காலை எடுக்கப் போனாள்.

"ஐயோ, நிறுத்தாதீங்கக்கா! அந்தச் சத்தம் இல்லாம இவ மூணு நாளாத் தூங்கவே இல்ல, பழைய ஏசியையே திரும்ப மாட்டித் தர முடியுமான்னு கேக்கத்தான் வந்தேன்!"