பிறிஜெற் வீட்டு வாசற்படி முயல்

கொட்டாஞ்சேனையில் பிறிஜெற் வீட்டு வாசற்படியில் இருக்கும் முயலை அவளைத் தவிர வேறு யாராலும் தூக்க முடியாது. பார்த்தால் ஒரு றாத்தல் பாணளவுதான் இருக்கும். கொச்சிக்கடையிலிருந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பழகிய நாலு பேரைக் கூட்டிவந்து பார்த்தார்கள். ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார், மற்றவர்கள் பிளேன்ரீ குடித்துவிட்டுப் போனார்கள். முயல் கீரைத்தண்டைக் கடித்துக்கொண்டு அங்கேயே இருந்தது. பிறிஜெற் மட்டும் படி கூட்டும்போது அதை ஒரு கையால் தூக்கிப் பிடிப்பாள், கூட்டி முடித்ததும் திரும்ப வைப்பாள்.

அம்மாவின் வெள்ளவத்தை வீட்டில் வேண்டாமற் போனதெல்லாம் கொட்டாஞ்சேனைக்குத்தான் வரும். காற்று வராத மின்விசிறி வந்தது, கால் ஆடுகிற கதிரை வந்தது, அண்ணன் றேமண்டின் பிள்ளைகளுக்கு அலுத்துப்போன முயல் சோடியும் வந்தது. பிறிஜெற்றும் அப்படி வந்தவள்தான். தாய் மாக்ரெட்டுக்கு ஆறாவதாக, ஏழு மாதத்தில் பிறந்தவள். தப்பாது, விடியமுன் போய்விடும் என்று ஒரு கன்னியாஸ்திரி ஆஸ்பத்திரிக் குழாய்த் தண்ணீரிலேயே அவசர ஞானஸ்நானம் கொடுத்தார். விடிந்த பிறகும் பிள்ளை உயிரோடு கிடந்தது. மற்ற ஐந்தையும் பார்ப்பதா இதைப் பார்ப்பதா என்று மாக்ரெட் அதைத் தன் தமையன் ஸ்ரனிஸ்லாஸிடம் அனுப்பிவிட்டாள். கல்யாணம் கட்டாத அந்த மனுசன் பிள்ளையைச் சப்பாத்துப் பெட்டியில் கிடத்தி, மேலே ஒரு பல்பை எரியவிட்டு, மருந்து விடுகிற குழாயால் பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு வளர்த்தார். பிறிஜெற்றுக்குத் தலையும் நரைத்தது. அதுவரை பெற்றவள் ஒரு நத்தார் பண்டிகைக்காவது அந்த ஒழுங்கைப் பக்கம் வந்ததில்லை.

ஸ்ரனிஸ்லாஸ் செத்த அடுத்த வருசம் பெண்முயல் குட்டி போட்டது. தன் நெஞ்சு மயிரைப் பிடுங்கி மெத்தை செய்து ஆறு குட்டி போட்டது. ஐந்தை வைத்துக்கொண்டு, ஆறாவதைக் கூட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டது. பிறிஜெற் அதை எடுத்து மெத்தைக்குள் வைத்தாள். தாய் திரும்பவும் தள்ளியது. பிறிஜெற் கூட்டின் முன்னால் குந்தியிருந்து, இவ்வளவு காலமும் யாரிடமும் கேட்காததை முயலிடம் கேட்டாள்: "அஞ்சுக்கு இருக்கிற பால் ஆறுக்கு இல்லையோடி?" முயல் மறுபக்கம் திரும்பிக்கொண்டது. அவள் எழும்பிப்போய்ப் பழைய சப்பாத்துப் பெட்டி ஒன்றையும் பல்பையும் தேடி எடுத்தாள்.

முன்வீட்டு பஹ்மியா எட்டிப் பார்த்தாள். "இது தப்பாது அக்கா, உடுங்க," என்றாள். அவள் அதைச் சொன்ன கையோடு பெட்டி சற்றுக் கனத்தது. மீன்காரரும் தப்பாது என்றார், பெட்டி இன்னும் கனத்தது. வருகிறவர்கள் எல்லோரும் பார்த்து உச்சுக்கொட்டி அதையே சொன்னார்கள். குட்டி தோடம்பழமளவு இருக்கும்போதே அம்மிக்கல்லின் பாரம் இருந்தது. வெயில் காயப் பெட்டியை வாசற்படிக்குத் தூக்கிவந்த ஒரு காலை, பெட்டியின் அடி கழன்று, குட்டி படியில் இறங்கி உட்கார்ந்தது. சீமெந்து வெடித்தது. பஹ்மியா வாயில் கையை வைத்துக்கொண்டாள். அன்று பிறிஜெற் முதல்முறையாக ஒழுங்கை அதிரச் சிரித்தாள்.

ஸ்ரனிஸ்லாஸ் வீட்டை யாருக்கும் எழுதிவைக்காமல் செத்ததால் அது தங்கை மாக்ரெட்டுக்குப் போயிற்று. மாக்ரெட் தொடர்மாடி கட்டுகிறவர்களுக்கு அதைக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டாள். உள்ளே மகள் இருக்கிறாள் என்பது அவளுக்கு அன்றைக்கும் ஞாபகம் வரவில்லை. செய்தி கொண்டுவந்தவன் றேமண்ட். "நீ தனிய இஞ்ச இருந்து தப்பமாட்டாய். அங்க குசினிக்குப் பக்கத்தில ஒரு அறை சும்மா கிடக்கு, வா," என்றான். பிறிஜெற் கால் ஆடுகிற கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தாள். கதிரையின் நாலு காலும் தரைக்குள் இறங்கின. றேமண்ட் அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் தோளைச் சுளுக்கிக்கொண்டான். பிறகு கட்டடக்காரர் வீடு இடிக்கிற பெக்கோ இயந்திரத்தை அனுப்பினார்கள். முயலைக் கிளப்பாமல் வீட்டை இடிக்கக்கூடாது என்று ஒழுங்கையே நின்றது. சங்கிலி கட்டி இழுத்தார்கள். சங்கிலி அறுந்தது, இயந்திரம் சரிந்தது. அதை ஓட்டியவர் முயலைக் கும்பிட்டுவிட்டு நடந்தே போய்விட்டார்.

கடைசியில் றேமண்ட் அம்மாவையே ஓட்டோவில் கூட்டிவந்தான். மாக்ரெட் இறங்கிப் படிக்கு முன்னால் வந்தாள். கிழவிக்கு மகளைப் பார்க்க வெட்கமாக இருந்தது, அதனால் முயலைப் பார்த்துக் கதைத்தாள்.

"தப்பாதெண்டு நினைச்சுத்தான் குடுத்தனான், பிள்ளை."

"தப்பீட்டன் அம்மா," என்றாள் பிறிஜெற். "இப்பவும் போகச் சொல்லுறீங்களோ?"

மாக்ரெட் குனிந்து முயலை இரண்டு கையாலும் தூக்கப் பார்த்தாள். கதையென்றால் இந்த இடத்தில் முயல் பஞ்சாகியிருக்கும். ஆகவில்லை. அது மறுபக்கம் திரும்பிக்கொண்டது. மாக்ரெட் படியிலேயே இருந்து அழுதாள். பிறிஜெற் அழவில்லை. அவளுக்கு நெஞ்சு வலித்தது, கோபமும் இருந்தது, இரண்டையும் வைத்துக்கொண்டே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். மாக்ரெட் குடித்துவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பிப் போனாள். பிறிஜெற் போகவில்லை.

தொடர்மாடியைக் கட்டத்தான் செய்தார்கள். ஓட்டு வீட்டையும் படியையும் விட்டுவிட்டு, அதைச் சுற்றி வளைத்துக் கட்டினார்கள். மேலே குடிவந்தவர்கள் வாகனத்தைக் கொஞ்சம் ஒடித்துத் திருப்பப் பழகிக்கொண்டார்கள். அந்த மூலை ஏன் அப்படி என்று இப்போது யாரும் கேட்பதில்லை.

ஆனால் ஞாயிறு பூசை முடிந்ததும் படியடியில் கூட்டம் நிற்கும். மட்டக்குளியிலிருந்தும் வருவார்கள். மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைகளைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்து முயலுக்குப் பக்கத்தில் கிடத்துவார்கள். பிறிஜெற் குனிந்து, பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். கொஞ்சிக்கொண்டு சொன்னால் பலிக்காது, மெய்யாகவே உச்சுக்கொட்ட வேண்டும். அவள் அந்த ஆஸ்பத்திரியையும் வெள்ளவத்தையையும் நினைத்துக்கொண்டு, "இது தப்பாது," என்பாள். பிள்ளை முகம் சிவந்து, காலால் உதைத்து, ஒழுங்கைக் கோடிவரை கேட்கக் கத்தும். பஹ்மியா கிட்டப் போய்த் தூக்கிப் பாரம் பார்த்துவிட்டுத் தலையாட்டுவாள். அடுத்த கிழமை கிளினிக்கில் தாதி மிஸ்ஸி பிள்ளையைத் தராசில் போட்டு, முள் ஏறியிருப்பதைப் பார்த்து, "கொட்டாஞ்சேனைக்குப் போனீங்களோ?" என்று மட்டும் கேட்பார்.