மூன்றாம் எண் கிளாஸில் இருந்தது

தலைவரின் மூக்குக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. உண்மையோ பொய்யோ, அந்த மூக்கைத் தூக்கிக்கொண்டு அவர் நடக்கிற தோரணையைப் பார்த்தால் யாரும் நம்பிவிடுவார்கள். விஸ்கிகளை ருசி பார்த்து மதிப்பெண் போடும் மூவர் குழுவுக்கு அவர் தலைவர். மற்ற இருவரில் ஒருவர் பல் டாக்டரம்மா, இன்னொருவர் ஓட்டல் முதலாளி. அவர்கள் உட்காரும் ஹாலை ஒட்டி, சுவரில் சின்ன ஜன்னல் வைத்த ஓர் அறை. அதற்குள் நின்று கிளாஸ்களில் ஊற்றி நீட்டுகிறவளை எல்லோரும் ‘சொட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷத்தில் ஒரு சொட்டுகூடக் கீழே சிந்தாதவள் என்பதால் வந்த பட்டம்.

பாட்டில்கள் கழுத்துவரை துணிப்பைக்குள் கட்டி, மேலே எண் மட்டும் எழுதி வரும். பைக்குள் எந்த ஊர்ச் சரக்கு என்பது முடிவு வரும்வரை யாருக்கும் தெரியாது. சொட்டுவுக்கு அதில் ஒரு பிடிவாதம் இருந்தது. ஒரு பாட்டிலைத் திறந்தால், ஊற்றி, மூடி, எதிர் மேஜைக்குக் கொண்டுபோய் வைத்து, அளவுக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்த பிறகுதான் அடுத்த பையைத் தொடுவாள். இரண்டு பாட்டில்கள் ஒரே நேரத்தில் அவள் அறையில் திறந்து கிடந்த சரித்திரமே இல்லை. வாசம் கலந்துவிடும் என்று முகத்துக்குப் பவுடர் போடுவதையே விட்டவள் அவள்.

இன்னொன்றும் உண்டு. ஊற்றுகிறவர் ஒரு துளிகூடக் குடிக்கக் கூடாது, குடித்தால் அன்றைக்கே வேலை காலி. சேர்ந்த முதல் நாளே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். சொட்டுவும் இத்தனை வருஷம் மோந்து பார்த்ததோடு சரி.

அன்றைக்குக் காலையில்தான் புத்தி கெட்டது. மூன்றாம் எண் பையின் கார்க்கை எடுத்ததும் வந்த வாசத்தில் அவள் கை அப்படியே நின்றுவிட்டது. மூன்று கிளாஸுக்கும் ஊற்றி, பாட்டிலை மூடி வைத்தாள். அளவுக் கிண்ணத்தின் அடியில் ஒரு ஸ்பூன் மிச்சம். வழக்கமாகத் தொட்டியில் கொட்டுவது. ஜன்னல் மூடியிருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு வாயில் கவிழ்த்துக்கொண்டாள்.

முதலில் இனித்தது. பழுத்த மாம்பழத்தின் காம்பைக் கிள்ளினால் வருமே, அந்த இனிப்பு. அதை அனுபவித்து முடிப்பதற்குள், அடிபிடித்த வெல்லப் பாகின் லேசான கசப்பு. அப்புறம் லவங்கம், நாக்கின் இரண்டு ஓரமும் சுருக்கென்றது. இழைப்புளி ஓடின பலகை வாசம் மூக்குவழியே மேலே ஏறியது. தொண்டையில் இறங்கும்போது, நடுப்பகல் வெயிலில் நிறுத்திய புருஷனின் வேன் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற சூடு. எல்லாம் அடங்கியபின், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், காய்ந்த ஆரஞ்சுத் தோலும் ஒரு கல் உப்பும். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. காரத்தால் இல்லை, சந்தோஷத்தால்.

அரை மணி நேரத்தில் ஹாலுக்குள்ளிருந்து தலைவர் குரல் கணீரென்று கேட்டது.

“ஒண்ணாம் நம்பர் ஏதோ இளசு. அவசரமா இறக்கியிருக்காங்க. மூணாம் நம்பர்தான் இன்னைக்கு ராஜா. குளிர் நாட்டுச் சரக்கு. இருபது வருஷத்துக்குக் கொறையாது. எழுதி வச்சுக்கோங்க.”

பைகளை அவிழ்த்தார்கள். ஒன்றாம் எண், இருபத்தொரு வருஷத்துக் குளிர் நாட்டுச் சரக்கு. மூன்றாம் எண், இந்தியாவில் வடித்த சிங்கிள் மால்ட் விஸ்கி. வயசு நாலு.

ஓட்டல் முதலாளி சிரிக்க ஆரம்பித்து, தலைவர் முகத்தைப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார். இந்திய மால்ட் என்பது பரீட்சைக்கு முந்தின நாள் படிக்கிற பையன் மாதிரி என்று போன மாதம்தான் தலைவர் ஒரு பத்திரிகையில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்.

இத்தனைக்கும் விஷயம் அவருக்குத் தெரியாததல்ல. குளிர்ந்த கிடங்கில் பீப்பாய் மரம் இருபது வருஷம் சோம்பேறித்தனமாகச் செய்கிற வேலையை, வெயில் கொளுத்தும் கிடங்கில் நாலே வருஷத்தில் முடித்துவிடும். மரவாசத்தை வைத்து வயசு சொல்லப் போனால் ஏமாந்துபோவோம் என்று அவரே வகுப்பெடுப்பார். ஆனால் ஊரறிய ஒன்றைச் சொல்லிவிட்ட பிறகு யார் இறங்கி வருகிறார்கள்?

“கிளாஸ் மாறிப்போச்சு. ஒண்ணும் மூணும்,” என்றார் தலைவர்.

“சொட்டு ஊத்தினது சார். எப்படி மாறும்?” என்றார் டாக்டரம்மா. “வேணும்னா மறுபடி ஊத்திப் பாத்துடலாமே.”

“பேர் தெரிஞ்சப்புறம் குடிச்சா அது ருசி இல்லம்மா, அபிப்பிராயம். அந்த விதியப் போட்டதே நான். ரெண்டையும் தள்ளிட்டு ரெண்டாம் நம்பருக்கு பரிசக் குடுத்துடலாம்.”

பத்து நிமிஷத்தில் சொட்டுவின் அறைக்கு ஒரு தாள் வந்தது. கொண்டு வந்தவள் அவளுடைய நாத்தனார். அதே ஆபீஸில் டைப் அடிப்பவள், சொட்டுவுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளும் அவளே. ‘என் கவனக்குறைவால் ஒன்றாம், மூன்றாம் எண் கிளாஸ்கள் இடம் மாறின’ என்று சுத்தமாக அடித்திருந்தாள்.

“ஒரு கையெழுத்து அண்ணி. வார்னிங்கோட விட்டுடுவாராம். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேங்கறார்.”

“நான் மாத்தலையே.”

“அது எனக்குத் தெரியாதா? உங்களுக்கு உப்பு டப்பா சர்க்கரை டப்பா பக்கத்துல இருந்தாலே தூக்கம் வராது. ஆனா சொன்னா எடுபடுமா? அண்ணன்கிட்ட நான் என்ன பதில் சொல்றது?”

“உங்க அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கறேன்.”

“யாரோ எங்கயோ காய்ச்சின சரக்கு. அதுக்குப் பரிசு கெடச்சா என்ன, கெடைக்காட்டி என்ன? நமக்கென்ன அதுல வந்துச்சு?”

வந்தது என்னவென்று சொட்டுவுக்குத் தெரியும். அது இன்னும் அவள் நாக்கில்தான் இருந்தது. யாரோ ஒருவர் நாலு வருஷம் வெயிலோடு மல்லுக்கட்டி அதை இறக்கியிருக்கிறார். இவள் பதினோரு வருஷம் சிந்தாமல் ஊற்றியிருக்கிறாள். ஒரு மனுஷரின் வாய்ச்சவடாலைக் காப்பாற்ற இரண்டையும் ஒரே வரியில் துடைத்துப் போடப் பார்க்கிறார்கள்.

தாளைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்த நாத்தனார், இரண்டாவது வரியிலேயே, “ஐயையோ அண்ணி, வேண்டாம்!” என்று கையைப் பிடித்தாள். சொட்டு மெதுவாக அந்தக் கையை விலக்கிவிட்டு எழுதி முடித்தாள். கீழே தேதி போட்டு, கையெழுத்தும் போட்டாள்.

பிறகு ஜன்னலைத் திறக்காமல், பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஹால் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், தாளைத் தலைவர் முன்னால் வைத்தாள்.

அவர் படித்தார். மாம்பழக் காம்பு, தீய்ந்த வெல்லம், லவங்கம், பலகை, வேன், உப்பு என்று ஒன்றுவிடாமல் இருந்தது. காலை பத்தே கால் மணிக்கு, பையின் முடிச்சு அவிழ்வதற்கு முன், மூன்றாம் எண் பாட்டிலிலிருந்து ஒரு ஸ்பூன் என்றும் இருந்தது.

“குடிச்சியா?”

“குடிச்சேன் சார். அது தப்புதான். அந்தத் தப்புக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன். செய்யாத தப்புக்குப் போட மாட்டேன்.”

“நாங்க பேசினதக் கேட்டுட்டு வந்து கதை எழுதியிருக்கே.”

டாக்டரம்மா அதற்குள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இன்னும் யாருக்கும் காட்டாத தன்னுடைய ருசிக் குறிப்புத் தாளை உறையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். மூன்றாம் எண்ணுக்கு நேராக, அவருடைய கோழிக் கிறுக்கலில் கடைசி வரி: ‘முடிவில் காய்ந்த ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் உப்பு.’

“இத நான் வாயத் திறந்து சொல்லவே இல்லையே சார்,” என்றார். “பேர் தெரியறதுக்கு முன்னாடி குடிச்சவங்க மூணு பேர்னு நெனச்சோம். நாலு பேர்.”

ஓட்டல் முதலாளி இந்த முறை இருமவில்லை.

தலைவரின் முகம் சிவந்தது. “விதி விதிதான். இன்னையோட உன் வேலை போச்சு, தெரியுமா?”

“தெரியும் சார். அதுக்கு அந்தத் தாள் ஃபைல்ல இருக்கணும். பத்திரமா வைங்க.”

அவர் தாளை எடுத்தார். கிழிப்பதுபோல் விரல்கள் மேல் ஓரத்துக்குப் போயின. கிழித்தால் அவளை அனுப்பக் காரணம் இல்லை. வைத்தால் மூன்றாம் எண்ணைத் தள்ளக் காரணம் இல்லை. விரல்கள் அங்கேயே நின்றன. சொட்டு கைகளைக் கட்டிக்கொண்டு, அவர் எதைச் செய்தாலும் சரி என்று எதிரே நின்றாள்.