இரண்டாவது டைரக்டர்

மெத்தைக் கம்பெனி முதலாளிக்குக் கம்பெனிப் பதிவாளரிடமிருந்து நோட்டீஸ் வந்தது. ஆண்டறிக்கையை நேரத்தில் தாக்கல் செய்யாததற்குக் கம்பெனிக்கு ஓர் அபராதம், இரண்டு டைரக்டர்களுக்கும் தனித்தனியே ஒன்று. இரண்டாவது டைரக்டரின் நோட்டீஸ் வீட்டுக்கே வந்து மனைவியின் கையில் சிக்கிவிட்டது. அந்த டைரக்டரே அவள்தான்.

“நான் எப்போ டைரக்டர் ஆனேன்?”

“பத்து வருஷமாச்சு. பென்சில்ல குறி வச்ச இடத்துல கையெழுத்துப் போட்டியே, அப்போ. சும்மா பேருக்குத்தான்மா.”

“அபராதம் மட்டும் நிஜமா வந்திருக்கே. ஏன் தாக்கல் பண்ணல?”

“அசந்துட்டேன்.”

“மெத்தை வாங்குறவன் அசரலாம். விக்கிறவர் அசரலாமா?”

மறுநாள் அவர் ஆபீசுக்குப் போனபோது, அவருடைய சுழல் நாற்காலியில் மனைவி உட்கார்ந்து ஆண்டறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எதிரே, பஞ்சு விற்க வருகிறவர்களைக் காக்க வைக்கும் ஆடுகிற ஸ்டூல்.

“உக்காருங்க,” என்றாள். “பத்து வருஷ மீட்டிங் பாக்கி இருக்கு.”