தைத்த கட்டைப் பிரிக்கலாமா

அறிவிப்பை எழுதும்போதே எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் எனக்கு எதில்தான் சந்தேகம் இல்லை? வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் நான். அதனால் இதையும் அந்த வகையில் சேர்த்துவிட்டேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதினால் எங்கே தவறினேன் என்று தெரியுமோ என்னவோ.

பகலில் மேலப்பாளையத்தில் பீர் மைதீன் அண்ணாச்சியின் டிராவல்ஸில் வேலை பார்க்கிறேன். மாலையில் பாளையங்கோட்டையில் டேலி கணக்கு வகுப்பு. டிக்கெட் போடுவதோடு, அண்ணாச்சி நடத்தும் 'கைச்சுமை' என்ற இணையதளத்தையும் நான்தான் கவனிக்கிறேன். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் தங்கள் பெட்டியில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று அதில் போடுவார்கள். இங்கே இருக்கிற தாய்மாரும் மனைவிமாரும், "என் பிள்ளைக்கு ஒரு கட்டு கொண்டுபோக முடியுமா" என்று கேட்பார்கள். மாசிக் கருவாடு, ஊறுகாய், மசாலாத் தூள், கட்டிக்கொள்ளச் சாரம், இப்படி ஏதாவது இருக்கும்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. கட்டை வெள்ளைத் துணியில் பொதிந்து, சுற்றித் தைத்து, மேலே பெயர் எழுதிக் கொடுப்பார்கள். வாங்குகிறவர் உள்ளே என்ன என்று கேட்க மாட்டார். கேட்டால் கொடுத்தவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். தையலைப் பிரித்துப் பார்ப்பதை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

போன மாதம் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் அப்படிக் கொண்டுபோன கட்டில் கசகசா இருந்தது. நமக்கு அது குருமாவுக்கு அரைக்கிற பொருள். துபாயில் அது போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. விமான நிலையத்திலேயே பிடித்துவிட்டார்கள். உள்ளே இருந்தது தனக்குத் தெரியாது என்று அவன் சொன்னதை யாரும் கேட்கவில்லை. இன்னும் ஊர் திரும்பவில்லை.

அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி விதியை மாற்றச் சொன்னார்.

"விஜி, இனிமே எந்தக் கட்டா இருந்தாலும் கொண்டுபோறவன் முன்னால பிரிச்சுக் காட்டிட்டுத்தான் தைக்கணும். கசகசா கூடாது. டாக்டர் சீட்டு இல்லாத மாத்திரை கூடாது. எழுதிப் போட்டுரு."

எழுதிக் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"என்னம்மா இது, போலீஸ் ஸ்டேஷன்ல ஒட்டுத மாதிரில்லா இருக்கு. 'கட்டாயம்'ங்க, 'நீக்கப்படுவார்'ங்க. நம்ம ஆளுக மனசு நோவும். கொஞ்சம் பைய சொல்லு."

பைய சொன்னேன். 'கட்டாயம் பிரித்துக் காட்ட வேண்டும்' என்பது 'இயன்றவரை பிரித்துக் காட்டுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று ஆனது. 'கசகசா எந்த வடிவிலும் கூடாது' என்பது 'கசகசா போன்ற பொருட்களைத் தவிர்க்கவும்' என்று ஆனது. தளத்தைத் திறந்ததும் முதலில் இந்த அறிவிப்பு வரும்படியும், 'படித்தேன்' என்பதை அழுத்தினால்தான் மேலே போக முடியும்படியும் வைத்தேன். அநேகமாக எல்லோரும் அழுத்திவிட்டார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

வியாழக்கிழமை மாலை வகுப்பில் சார் வரிப் பதிவு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். நான் மேசைக்கு அடியில் போனைப் பார்த்தேன். அறிவிப்பின் கீழே, எங்கள் தளத்தில் அடிக்கடி கட்டு அனுப்புகிற சுபைதா பேகம் எழுதியிருந்தார்.

'விஜி பிள்ளைக்கு. அறிவிப்பு படித்தேன். நல்ல காரியம். பொட்டலமாக வைத்தால்தானே மிஷினில் தெரியும், அதனால் கசகசாவை வறுத்து அரைத்துக் குருமா மசாலாவோடு கலந்துவிட்டேன். இனி யாருக்கும் தொந்தரவு இல்லை. கட்டு மதியமே உசாமா கையில் கொடுத்தாச்சு. துஆ செய்யவும்.'

அதன் கீழே சிலர் கைதட்டும் படம் போட்டிருந்தார்கள். ஒருவர், 'அருமையான யோசனை லாத்தா' என்று எழுதியிருந்தார்.

உசாமா துபாயில் வேலை பார்க்கிறவர். சுபைதா பேகத்தின் மகளுக்குப் பேசி முடித்திருக்கிற மாப்பிள்ளை. கட்டு, அங்கேயே இருக்கிற சுபைதா பேகத்தின் மகன் நூகுவுக்கு. டிக்கெட் போட்டது நான் என்பதால் தெரியும், இன்று இரவு திருவனந்தபுரத்திலிருந்து விமானம். இந்நேரம் வேன் போய்ச் சேர்ந்திருக்கும்.

சாரிடம் சொல்லாமலே எழுந்து மாடிப்படிக்கு வந்து உசாமாவுக்கு அடித்தேன்.

"ஆரு?"

"டிராவல்ஸ்ல இருந்து விஜயஸ்ரீ பேசுதேண்ணே. எங்கன இருக்கிய?"

"ஏர்போர்ட் வாசல்ல. உள்ள நுழையுத வரிசையில நிக்கேன். டிக்கெட்ல எதும் கோளாறா?"

"டிக்கெட் சரிதான். உங்க மாமி தந்த கட்டுல குருமா மசாலா இருக்கு. அதுல கசகசா அரைச்சுக் கலந்திருக்காவ. பிரிச்சு எடுத்துப் போட்டுருங்கண்ணே."

பின்னால் யாரோ மலையாளத்தில் வரிசையை ஒழுங்குபடுத்துவது கேட்டது.

"மாமியே சொன்னாவளா?"

"தளத்துல எழுதியிருக்காவ."

"எங்கிட்ட சொல்லலையே. நானாப் பிரிக்க முடியாது தங்கச்சி. நூகு வாங்கும்போதே தையலத்தான் பாப்பான். கிழிஞ்சு கெடந்தா, 'எங்க உம்மா தந்தத மாப்பிள்ளை சோதிச்சுப் பாத்துட்டாரு'ன்னு அன்னைக்கே ஊருக்குப் போன் போயிரும். நிக்காஹ் இன்னும் முடியல."

"ஜெயில்ல போட்டா நிக்காஹ் எப்படிண்ணே நடக்கும்?"

"எத்தன வருசமா கொண்டு போறோம். ஒருத்தன் மாட்டுனா எல்லாவனும் மாட்டுவானா? நீங்கதான போட்டிருக்கிய, 'இயன்றவரை'ன்னு. எனக்கு இயலல. வரிசை நகருது, வைக்கேன்."

நான் எழுதிய வார்த்தை எனக்கே திரும்பி வந்தது. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

அண்ணாச்சி கடையநல்லூருக்கு ஒரு விசேஷ வீட்டுக்குப் போயிருந்தார். அவரைப் பிடித்துச் சொன்னேன்.

"சுபைதா சொன்னாத்தான் அவன் கேப்பான். நான் எப்படிம்மா சொல்லுவேன்? அந்தச் சம்பந்தத்தப் பேசி முடிச்சதே நான்தான். நீ பொம்பளப் பிள்ள. போயி நயமா எடுத்துச் சொல்லு."

சுபைதா பேகத்துக்கு அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது. மக்ரிப் நேரம். தொழுதுகொண்டிருப்பார். ஷேர் ஆட்டோவில் ஏறினேன். குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. இரண்டு பக்கமும் பேருந்துகளும் பைக்குகளும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. சரக்கு ரயில் பெட்டி பெட்டியாக, அவசரமே இல்லாமல் போனது. பக்கத்தில் பூக்கூடையை மடியில் வைத்திருந்த அம்மாள், "ஏம் பிள்ள இப்படித் துடிக்க? கேட்டு தொறந்துரும்" என்றார். போனில் என் அறிவிப்பைத் திறந்து படித்தேன். எவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறேன். அன்புடன், இயன்றவரை, தயவுகூர்ந்து. 'கட்டாயம்' என்ற ஒரு சொல்லைத் தவிர மற்ற எல்லாம் அதில் இருந்தது.

சுபைதா பேகம் தொழுகைத் துப்பட்டியோடு வந்து கதவைத் திறந்தார்.

"வா பிள்ள. என்ன, நாய் தொரத்துன மாதிரி ஓடி வாரே?"

நின்றபடியே சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது.

"அரைச்சதுக்குப் பொறவு அது என்ன கசகசா? மல்லி, சோம்பு, பட்டை எல்லாம் ஒண்ணாக் கலந்துட்டு. எந்த மிஷின் வந்து தனியாப் பிரிச்சுச் சொல்லும்?"

"சோதனைக்கு அனுப்புனா சொல்லிரும்மா. கலந்திருந்தாலும் அவங்களுக்கு அது கசகசாதான்."

"நீ எழுதுனதுல அப்படி இல்லையே."

"இல்லம்மா. நான் எழுதல."

சிரிப்பு நின்றது. கட்டிலில் உட்கார்ந்தார். போன மாதம் பிடிபட்ட பையனின் தாயை அவருக்குத் தெரியும். அந்தத் தாயின் பெயரைச் சொல்லிக்கொண்டே கையை நெஞ்சில் வைத்தார்.

"நீங்க ஒரு வார்த்தை உசாமாண்ணன்கிட்ட சொல்லுங்கம்மா. பிரிக்கச் சொல்லுங்க."

"எப்படிச் சொல்ல? 'நான் தந்த கட்டுல தப்பான சாமான் இருக்கு, எடுத்து எறிங்க'ன்னா? அவன் உம்மா காதுல விழுந்தா என்ன சொல்லுவா தெரியுமா? 'கல்யாணத்துக்கு முன்னாலயே சுபைதா எம்பிள்ளைய ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தா'ம்பா. எம் மவ அந்த வீட்டுல எப்படி வாழுவா?"

உள் அறையில் வளையல் சத்தம் கேட்டு நின்றது. மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் போலும்.

என் போனில் செய்தி வந்தது. உசாமா. 'பெட்டி போடுகிற வரிசைக்கு வந்துட்டேன். கோவப்படாதிங்க.'

உசாமாவாகப் பிரித்தால் மாமியாருக்கு அவமானம். சுபைதா பேகமாகப் பிரிக்கச் சொன்னால் இவருக்கே அவமானம். இரண்டு பேருக்கும் பயம், இரண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, யாருமே பிரிக்கச் சொல்ல முடியாத இடத்தில் பிரிக்கச் சொல்லத்தான் விதி. அது கடுமையாக இருந்திருந்தால் இந்த நேரம் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்காது. மனசு நோகக் கூடாது என்று நாங்கள் அதைக் குழைத்து வைத்ததால்தான் மொத்த நோவும் இவர்கள் தலையில் விழுந்திருக்கிறது.

அண்ணாச்சியைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் 'கொஞ்சம் பைய' என்பார். போனிலேயே தளத்துக்குள் நுழைந்து பழைய அறிவிப்பை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அவசரத்தில் எழுத்துகள் மாறி மாறி விழுந்தன.

'கைச்சுமை உறுப்பினர்கள் எல்லோருக்கும். விதி இப்போது முதல் மாறுகிறது. இன்று பயணம் செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும். கட்டைக் கொடுத்தவர் யாராக இருந்தாலும், பெற்ற தாயாக இருந்தாலும், கொண்டுபோகிறவர் கட்டாயம் பிரித்துப் பார்க்க வேண்டும். பார்க்காமல் கொண்டுபோகிறவர் தளத்திலிருந்து நீக்கப்படுவார். கசகசா முழுதாகவோ, அரைத்தோ, வேறு பொடியில் கலந்தோ இருக்கக் கூடாது. இருந்தால் விமானம் ஏறுமுன் எறிந்துவிட வேண்டும். கட்டைப் பிரிப்பவர் கொடுத்தவரைச் சந்தேகப்படவில்லை. பிரிக்கச் சொன்னது நாங்கள். வருத்தம் இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். விஜயஸ்ரீ, பீர் மைதீன் டிராவல்ஸ்.'

அனுப்புவதற்கு முன் சுபைதா பேகத்திடம் நீட்டினேன். எட்டப் பிடித்து, உதடு அசைய மெதுவாகப் படித்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்மா."

"எதுத்த தெரு ஸமீஹா கட்டுக்கும்? அவ கட்ட ஒருத்தன் தொடக்கூட விடமாட்டாளே."

"அவங்க கட்டுக்கும்தான்."

"அப்ப போடு."

அழுத்தினேன். கட்டிலில் கிடந்த அவருடைய போனே முதலில் சத்தம் போட்டது. பக்கத்து வீட்டிலும் ஒரு போன் அடித்தது. நான் எதுவும் சொல்லாமலே அவர் தன் போனை எடுத்து உசாமாவுக்கு அடித்தார். ஒலிபெருக்கியில் போட்டார்.

"மருமவனே, டிராவல்ஸ்காரவ என்னமோ சட்டம் போட்டிருக்காவளே, பாத்தியளா?"

"இப்பத்தான் வந்துச்சு மாமி."

"எல்லாருக்கும்தானாம். தாயா இருந்தாலும்னு வேற போட்டிருக்காவ. என்னத்தச் செய்ய? நாம மட்டும் மீற முடியுமா? பிரிச்சிருங்க. எனக்கு வருத்தமில்ல. அந்த மசாலாவ மட்டும் எடுத்து எறிஞ்சிருங்க."

"சரி மாமி." அவர் மூச்சு விட்டது இங்கே வரை கேட்டது. "வரிசைய விட்டு வெளிய வாரேன்."

சுபைதா பேகம் தஸ்பீஹ் மணியை உருட்டினார். மகள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவோரம் நின்றாள். தேநீரில் ஆடை படர்ந்தது. வரிசையை விட்டால் நேரம் ஆகிவிடுமோ, கவுன்டரை மூடிவிடுவார்களோ என்று எனக்கு அடுத்த பயம் தொடங்கியது. விமானத்தையும் விட்டு வேலையையும் இழந்தால் அதுவும் என் கணக்குதான்.

என் போன் ஒளிர்ந்தது. உசாமாவிடமிருந்து ஒரு படம். தரையில் சாவியால் கிழித்த வெள்ளைத் துணி, அதன்மேல் சாரமும் ஊறுகாய்ப் பாட்டிலும். பக்கத்தில் குப்பைத் தொட்டி. கீழே எழுதியிருந்தார், 'கொட்டிட்டேன். மாமி மசாலா மணத்துக்கு இங்க நிக்கவன் எல்லாம் திரும்பிப் பாக்கான்.' சற்றுக் கழித்து இன்னொன்று. 'பெட்டி போட்டாச்சு.'

நான் வாசித்துக் காட்டியதும் கதவோரம் நின்ற மகள் சிரிப்போடு முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். சுபைதா பேகம், "நல்ல சோம்பா பொறுக்கி எடுத்து வறுத்தது" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் அண்ணாச்சி அழைத்தார்.

"யாரக் கேட்டு மாத்துனே?"

"யாரையும் கேக்கல அண்ணாச்சி."

"எனக்கு இங்கன சோறு எறங்கல. போன் மேல போன். ஒருத்தி, கட்டத் திருப்பித் தந்துருங்கங்கா. ஒருத்தன், 'எங்க உம்மா என்ன கடத்தல்காரியா வே'ங்கான்."

"பழையபடி போட்டுரவா?"

"உசாமா பெட்டி போட்டுட்டானா?"

"போட்டுட்டாவ."

"அப்ப இருக்கட்டும்."

மறுநாள் உசாமாவிடமிருந்து குரல் பதிவு வந்தது. துபாயில் பெட்டியை யாரும் திறக்கவில்லையாம். மிஷினில்கூடப் போடச் சொல்லவில்லை, நேரே வெளியே வந்துவிட்டாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குள் மறுபடி ஆரம்பித்துவிட்டது. ஒன்றும் நடந்திருக்காதோ? ஒரு வீட்டையே கலங்கடித்துவிட்டேனோ? பலர் தளத்தை விட்டுப் போய்விட்டார்கள். தாய் என்ற வார்த்தையையாவது எடுத்துவிடலாமா என்று திறந்து பார்ப்பேன். எடுக்காமல் மூடுவேன்.

அடுத்த வாரம் கடையில் ஆட்கள் நிறைய இருந்த நேரம் பார்த்து சுபைதா பேகம் வந்தார். நூகுவுக்கு இன்னொரு கட்டு. கசகசா இல்லாத மசாலா, துணி தைக்கப்படவில்லை, நான்கு முனையும் விரிந்து கிடந்தது. அதை என் மேசையில் டொம்மென்று வைத்தார்.

"பாத்தியா, துபாயில ஒரு பய பெட்டியில கைய வைக்கல. எம் மசாலாதான் அநியாயமாப் போச்சு."

அண்ணாச்சி கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டார். இந்த முறை கட்டைக் கொண்டுபோக வந்திருந்தவர் எதிரே எழுந்து நின்றார்.

"ம், பாரு. ஒண்ணொண்ணா எடுத்து அவர்ட்டயும் காட்டு." துணியின் ஓரத்தில் குத்தியிருந்த ஊசியை உருவி, நூலோடு என்னிடம் நீட்டினார். "சட்டம் போட்டவ நீதான? பாத்துட்டு நீயே தச்சுக் குடு."

நான் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டிவிட்டுத் தைத்தேன். தையல் கோணல் மாணலாகப் போனது. அவர் கடைசிவரை பக்கத்திலேயே நின்று பார்த்தார்.