நாலு பல் போனால்

எங்கள் தையல் கூடத்தில் ஒருத்தி கத்தரிக்கோலுக்குக் கை நீட்டினால் அவள் புதுசு என்று அர்த்தம். நாங்கள் நூலைப் பல்லால் கடித்துத்தான் அறுப்போம். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. கத்தரியைத் தேடுகிற நேரத்தில் ஒரு காலர் முடிந்துவிடும். என் அக்கா வருஷக்கணக்காகக் கடித்ததில் மேல்வரிசை முன்பல் ஒன்று தேய்ந்து, பிளந்து, வேரோடு செத்துப்போனது.

சாவதற்கு நல்ல நேரம் பார்த்தது அந்தப் பல். இடுப்பு வலியால் அக்காவால் இனி மெஷினில் உட்கார முடியாது. முதலாளியம்மா அவளை முன்கடைக்கு மாற்றி, வருகிறவர்களுக்கு அளவெடுக்கும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். "முதல்ல பல்லைச் சரிபண்ணிட்டு வா. வர்றவங்க முகத்தைத்தான் பாப்பாங்க." அது நடக்காவிட்டால் அக்கா வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

நாங்கள் கவலைப்படவில்லை. பல் இன்சூரன்ஸ் என்று மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்களே, பிறகு என்ன?

"எப்படிம்மா உடைஞ்சுது?" என்று கேட்டார் பல் டாக்டரம்மா.

"நூல் கடிச்சுதான் டாக்டர். என் வேகத்துக்கு அங்க ஆளே கிடையாது" என்றாள் அக்கா, பெருமையாக. நான் அவள் காலை மிதித்தேன். அதற்குள் டாக்டரம்மா எழுதிவிட்டார்.

பல் இன்சூரன்ஸ்காரன் போனில், "இது வேலையால வந்த சேதம். விபத்து இன்சூரன்ஸ்ல கேளுங்க" என்றான். அங்கே கேட்டால், "விபத்துன்னா ஒரே நாள்ல நடந்திருக்கணும். எந்தத் தேதியில உடைஞ்சுது?" என்றான் இன்னொருத்தன். பல் என்ன, தேதி குறித்துவிட்டா தேயும்? எனக்கு வந்த ஆத்திரத்தில் போனையே கடித்திருப்பேன்.

ஆக, வேர் சிகிச்சையும் மேலே போடும் உறையும் எங்கள் கைக்காசு. எங்களிடம் அது இல்லை. வலிக்காகப் பிடுங்குவதற்கு மட்டும் பல் இன்சூரன்ஸ் கேள்வி கேட்காமல் பணம் தரும். சரி, பிடுங்கிவிட்டு ஒரு பொய்ப்பல்லாவது வைத்துக்கொள்வோம் என்று திரும்பப் போனோம்.

பல்லைப் பிடுங்கிய பிறகு அக்கா பொய்ப்பல்லைப் பற்றிக் கேட்டாள். டாக்டரம்மா பெருமூச்சு விட்டார்.

"ஒரு பல்லுன்னா இன்சூரன்ஸ்ல அழகுக்காகன்னு தள்ளிடுவாங்கம்மா. முன்பல் நாலும் இல்லாட்டிதான் சாப்பிட முடியாதுன்னு கணக்கு. அப்போ பல் செட்டுக்கு முழுப் பணமும் வரும்."

அக்கா வாயிலிருந்த பஞ்சைக் கையில் எடுத்தாள்.

"அப்போ மீதி மூணையும் எடுத்துடுங்க."

"அக்கா, உளறாத" என்றேன்.

"நீ சும்மா இருடி."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "அதெல்லாம் நல்ல பல்லும்மா. நல்ல பல்லை நான் எடுக்க மாட்டேன்."

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள். கோபமெல்லாம் இல்லை, துணி பற்றுமா பற்றாதா என்று பார்க்கிற முகம்.

"கெட்டுப்போனா எடுப்பீங்களா?"

டாக்டரம்மா என்னைத்தான் பார்த்தார்.

மறுநாள் காலையில் அக்கா கண்ணாடி முன் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்றை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் பொறுமையாகத் தேய்த்தாள்.