என்கிட்ட விடு

எங்கள் அணி வருடா வருடம் ஜெயிப்பதற்குக் காரணம் உழைப்பும் கட்டுப்பாடும்தான் என்று எங்களைப் பற்றி எடுத்த அந்தப் படத்தில் ஒரு கனத்த குரல் சொல்கிறது. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உழைக்காத ஹாக்கி அணி எது? எங்களிடம் சீசனுக்குச் சீசன் தோற்றுப்போகிற பெண்களும் விடியும் முன் எழுந்து நாக்குத் தள்ள ஓடுகிறவர்கள்தான். உழைப்பால் மட்டும் கோப்பை வரும் என்றால் அவர்கள் வீட்டிலும் அலமாரி நிறைந்திருக்க வேண்டும்.

எங்களிடம் இருந்தது ஒரு கதவு. உடை மாற்றும் அறையின் சாதாரண மரக்கதவு. ஆட்டம் முடிந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், அதைத் தாழ் போடுவோம். காலுறையைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்காருவோம். வியர்வையும் வலி மருந்தும் சேர்ந்த நாற்றம் மூக்கைத் துளைக்கும். முதலில் எங்கள் கோச் ஆரம்பிப்பார். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று நாங்கள் சந்தேகப்படும் அளவுக்குக் கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் அவர் பெயரே விசிலக்கா. "இன்னைக்கு நான் ஆள மாத்தினது லேட்டு. பயந்துட்டேன். என் தப்பு," என்பார்.

பிறகு ஒவ்வொருத்தியும் தன் தப்பைச் சொல்ல வேண்டும். அடுத்தவள் தப்பை வாயில் எடுக்கக் கூடாது. ஒருத்தி சொல்லி முடித்ததும் வேறொருத்தி "என்கிட்ட விடு" என்பாள். அவ்வளவுதான். ஆறுதல் கிடையாது, அறிவுரை கிடையாது. அப்படிச் சொன்னவள் அடுத்த ஆட்டத்திலிருந்து அந்த ஓட்டையை அடைக்க வேண்டும். யாருக்கு எந்தக் குறை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். எதிரே ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. எங்கள் வெற்றி அதில் இருந்தது.

எங்கள் கோல்கீப்பர் என் அண்ணி. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, அதனால் வா, போ என்றுதான் பேச்சு. என் அண்ணனுக்கு அவளைப் பார்த்துக் கொடுத்ததே நான்தான் என்று சொல்லிக்காட்டுவேன். "அந்தப் பாவத்துக்குத்தான் உன்கூட ஒரே வீட்டுல கிடந்து சாகறேன்," என்பாள். வீட்டில் எங்களுக்கு ஏழாம் பொருத்தம். கொடிக்கயிற்றில் யார் துணி எந்தப் பக்கம் என்பதற்குக்கூடச் சண்டை வரும். ஆனால் மைதானத்தில் அவள் பின்னால் நிற்கிறாள் என்றால் நான் திரும்பியே பார்க்க மாட்டேன்.

பிள்ளை பெற்றுத் திரும்பி வந்த சீசனில் அவள் முழங்கால் பழைய முழங்காலாக இல்லை. ஒருநாள் கதவைச் சாத்திய பிறகு சொன்னாள்: "வலது பக்கம் தரையோட வர்ற பந்துக்குக் கால் இறங்க மாட்டேங்குது." யார் முகத்தையும் பார்க்கவில்லை. கால் பேடின் வாரை அவிழ்ப்பதும் மாட்டுவதுமாக இருந்தாள். வேறு எந்த அணியிலாவது ஒரு கோல்கீப்பர் இதை வாய்விட்டுச் சொல்வாளா? சொன்னால் மறுநாளே மூட்டை கட்ட வேண்டியதுதான். நான் "என்கிட்ட விடு" என்றேன்.

நான் கடைசித் தடுப்பில் ஆடுகிறவள். அன்றிலிருந்து ஓரடி வலது பக்கம் தள்ளி நிற்க ஆரம்பித்தேன். பந்தோடு வருகிறவளை இடது பக்கமாகவே விரட்டுவேன். அண்ணியின் இடது பக்கம் இரும்புக் கதவு. வந்தவர்களெல்லாம் அதில் முட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள். அதன் பிறகும் கோப்பைகள் வந்தன. அண்ணியின் ஆசை இன்னும் ஒரே ஒரு சீசன். "என் பொண்ணுக்கு வெவரம் தெரியட்டும். அம்மா ஆடினாங்கன்னு யாரோ சொல்லி அவ தெரிஞ்சுக்கக் கூடாது. கண்ணால பாக்கணும்," என்பாள். அவள் ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடிகிறது. புதுப்பிப்பது சடங்குதான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் புது மேனேஜர் வந்து சேர்ந்தார். வழுவழுவென்று பேசுவார். எங்கள் வெற்றியின் ரகசியத்தைப் படமாக எடுக்கப் போவதாகச் சொன்னார். நாங்கள் படி ஏறுவது, தண்ணீர் குடிப்பது, ஸ்டிக்கில் டேப் சுற்றுவது எல்லாவற்றையும் எடுத்தார்கள். எடுத்து அலுத்த பிறகு, சாத்திய கதவுக்கு உள்ளேயும் வர வேண்டும் என்றார். விசிலக்கா முடியாது என்றார். மேனேஜர் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு எங்கள் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்தார்.

"படம் மட்டும்தாம்மா. சத்தமே எடுக்க மாட்டோம். மேல பாட்டு போட்டுக்குவோம். என்னை நம்புங்க."

நம்பினோம். இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நாங்கள் எந்த ஆட்டத்திலும் செய்ததில்லை. அந்த அறையில் உட்கார்ந்து யாரும் பொய் சொல்லிக் கேட்டதில்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னதாலேயே அவர் சொன்னதும் உண்மை என்று எடுத்துக்கொண்டோம். அன்றைக்கும் வழக்கம்போல் அவரவர் குறையைச் சொன்னோம். வலது பக்கம் கால் இன்னும் இறங்க மாட்டேங்குது என்றாள் அண்ணி. நான் என் வரியைச் சொன்னேன்.

சீசன் முடிந்ததும் அண்ணியை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடவே போனேன். "உங்களை வரச் சொல்லலையே," என்றார் மேனேஜர். "குடும்பம் சார்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றார்.

"ஏன் சார்? இந்த சீசன்லயும் ஜெயிச்சுத்தானே கொடுத்திருக்கேன்?" என்றாள் அண்ணி.

அவர் மேஜைமேல் இருந்த கணினியை எங்கள் பக்கம் திருப்பி ஒரு பொத்தானை அழுத்தினார். அண்ணியின் குரல் வந்தது. வலது பக்கம், கால், இறங்க மாட்டேங்குது. வெட்டினாற்போல் நின்றது.

"நீங்களே சொல்றீங்களேம்மா. நானா சொல்றேன்?"

எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது.

"சத்தம் எடுக்க மாட்டேன்னு சொன்னீங்க."

"எடிட்டிங்ல தேவைப்பட்டுச்சு."

"அதுக்கப்புறம் நான் ஒண்ணு சொன்னேனே, அது எங்க?"

"எது?"

"என்கிட்ட விடுன்னு சொன்னேன். அது எங்க சார்?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "ஓ, அதுவா. அத வெட்டிட்டோம். அதுல விஷயம் ஒண்ணும் இல்லல்ல."

அந்த ஆளை அடித்திருக்க வேண்டும். இன்றைக்கும் கை துறுதுறுக்கிறது. எங்கள் இத்தனை வருட வெற்றி முழுவதும் அந்த ஒரு வரியில் இருந்தது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு ரகசியத்தைக் கண்டுபிடித்ததாக ஊரெல்லாம் படம் காட்டுகிறார். அண்ணி என் கையைப் பிடித்து எழுப்பினாள். வீடு வரும்வரை நாங்கள் சண்டைகூடப் போடவில்லை.

விசிலக்கா சண்டை போட்டுப் பார்த்தார். "உங்க வேலை ஆட வைக்கிறது," என்று வாயை அடைத்துவிட்டார்கள். அண்ணியின் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள். நாங்கள் அவளைப் புதுசு என்று கூப்பிட்டோம். நல்ல ஆட்டக்காரி, அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இரண்டு பக்கமும் பூனை மாதிரி பாய்வாள்.

முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். கதவைச் சாத்தினோம். விசிலக்கா தன் தப்பைச் சொன்னார். அடுத்து பெஞ்சின் ஓரத்தில் இருந்தவள் கூரையைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் இல்லக்கா," என்றாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். வரிசையாக எல்லோரும் சொன்னோம். புதுசு, கூட்டமாக ஆட்கள் நிற்கும்போது பந்தை வெகு தாமதமாகத்தான் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரியும். "எல்லாம் நல்லாத்தான்க்கா இருந்துச்சு," என்றாள். அடுத்தவள் தப்பை வாயில் எடுக்கக் கூடாது, நானும் எடுக்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் நாங்கள் எந்த நாளும் குளிக்கப் போனதில்லை.

அப்புறம் தோற்க ஆரம்பித்தோம். அரையிறுதிக்கே வழியில்லாமல் போன ஆட்டத்தில், என் இடது பக்கமாக ஒருத்தி சாவகாசமாக நுழைந்து பந்தை உள்ளே தள்ளிவிட்டுப் போனாள். அன்று மேனேஜரே அறைக்குள் வந்தார். இந்த முறை ஷூவைக் கழற்றவில்லை. அண்ணி உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார்.

"எங்க தப்பு நடக்குது? மனசு விட்டுப் பேசுங்க. அதானே உங்க வழக்கம்?"

அவர் என்னைப் பார்த்தார்.

"எனக்கு ஒரு குறையும் இல்ல சார்," என்றேன்.

"எல்லாரும் நல்லா ஆடினா எப்படிம்மா தோத்தோம்?"

"தெரியல சார். ரெக்கார்டு பண்ணி வச்சிருப்பீங்களே, போட்டுக் கேளுங்க."

வீட்டுக்கு வந்தபோது அண்ணி மகளை மடியில் படுக்க வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். டிவியில் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. பையை இறக்கி வைக்கக்கூட விடவில்லை.

"ஏண்டி இன்னும் வலது பக்கமே போய் நிக்கிற? அந்தப் பொண்ணுக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு? இடது பக்கம் வாசல தொறந்து போட்ட மாதிரி கிடக்கு."

எனக்குத் தெரியும். கோல் விழுந்தபோதே தெரியும். அறையில் சொல்லாததை, திரும்பிப் போய் எங்கள் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னேன்.

"தப்பு என்னோடதுதான் அண்ணி. இடது பக்கம் நிக்கணும்னு நெனச்சுத்தான் போறேன். பந்து வந்ததும் கால் தானா உன் பக்கம் போயிடுது."

"என்கிட்ட..." என்று ஆரம்பித்துவிட்டாள். பழக்கம். அப்புறம் நிறுத்திக்கொண்டாள். அந்த வரியைச் சொல்கிறவளுக்கு மைதானத்தில் நிற்க ஓர் இடம் வேண்டும். அண்ணி குனிந்து மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள். அவள் சொல்லாமல் விட்ட மீதியை நானும் கேட்கவில்லை.