ஒன்பதாம் பிரிவில் ஒரு சொல்

நாடாளுமன்ற உறுப்பினரின் பெயருக்கு நேரே சிவப்பில் 'எதிர்ப்பு' என்று இருந்தது. கணினியின் முன் உட்கார்ந்திருந்தவள் அதை மூன்று முறை படித்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நான்காம் முறையும் படித்தாள். எழுத்து மாறவில்லை.

பல் செட் செய்யும் கூடத்தில் அவளுக்கு 'மில்லிமீட்டர்' என்று பெயர். மெழுகில் செதுக்கிய பல்லை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்து, "இது கடிக்கும், ஆனா சிரிக்காது" என்று திருப்பி வைத்துவிடுவாள். பன்னிரண்டு வருடமாக அடுத்தவர் வாய்க்குப் பல் செய்கிறாள். ஆனால் ஒரு வாயைக்கூட நேரில் திறந்து பார்க்க அவளுக்கு அனுமதி கிடையாது. அவள் செய்ததன் மேல் பல் டாக்டர் கையெழுத்துப் போடுவார்.

இப்போது நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா இருந்தது. அதன் ஒன்பதாம் பிரிவு தேறினால், பத்து வருட அனுபவம் உள்ளவர்கள் பட்டப்படிப்பு இல்லாமலே உரிமத் தேர்வு எழுதலாம். எழுதித் தேறினால் சொந்தப் பெயரில் ஓர் அறை, ஒரு சாய்நாற்காலி. வருகிறவரை உட்காரவைத்து "ஆ காட்டுங்க" என்று சொல்லலாம். அந்த இரண்டு வார்த்தைகளைக் கண்ணாடி முன் நின்று அவள் சொல்லிப் பார்த்தும் இருக்கிறாள்.

அவளுடைய அண்ணன் அந்தத் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தில் எழுத்தர். தட்டச்சு, தொலைபேசி, வருகிறவர்களுக்குச் சமாதானம் எல்லாம் அவன்தான். "ஐயா முழு ஆதரவு, கண்ணை மூடிட்டு நம்பு" என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கண்ணை மூடச் சொல்பவர்களைக் கண்டால் அவளுக்கு எப்போதுமே ஆகாது. அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல், நாடாளுமன்றத்தின் இணையதளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

தேடும் கட்டத்தில் 'பல்' என்று அடித்ததற்குப் பல்கலைக்கழகம் வந்தது, பல்லுயிர் வந்தது, பல்வேறு வரிகள் வந்தன. பல் மட்டும் வரவில்லை. கடைசியில் மசோதாவின் எண்ணைப் போட்டுத்தான் பக்கத்தைப் பிடித்தாள். அதில் 'வாக்குப்பதிவு' என்ற இடத்தைத் தொட்டதும் இந்தச் சிவப்பு.

"இங்க வாங்க, இதைப் பாருங்க" என்று கணவனைக் கூப்பிட்டாள்.

பஸ் ஓட்டுபவன் அவன். வாரத்தில் ஒரு நாள்தான் அசையாத இருக்கையில் தூங்கக் கிடைக்கும். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பார்த்தான்.

"மச்சானோட ஐயாவா இது? நல்லா இன்டிகேட்டரை இடது பக்கம் போட்டுட்டு வலது பக்கம் திருப்பியிருக்கார்."

அவள் அண்ணனைக் கூப்பிட்டாள். "அண்ணா, ஒன்பதாம் பிரிவுக்கு உங்க ஐயா எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்?"

"போன்ல எதுக்கும்மா அதெல்லாம்? நேர்ல வரேன்" என்று வைத்துவிட்டான். பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதையே போனில் அரை மணி நேரம் பேசுகிற ஆள்.

வந்தபோது கையில் ஒரு பை நிறைய ஆப்பிள் இருந்தது. இந்த வீட்டுக்கு அவன் வெறுங்கையோடு வந்துதான் அவளுக்குப் பழக்கம். பையை வாங்கி, பிரிக்காமலே மேசை மேல் வைத்தாள்.

"இதுக்கு என்ன சொல்ற?" என்று திரையைக் காட்டினாள்.

அண்ணன் குனிந்து பார்த்தான். அவன் கண் சிவப்பு எழுத்தில் நிற்கவில்லை. அதைத் தாண்டிக் கீழே எதையோ தேடி, சட்டென்று மேலே போனது. "தலைப்பைப் படிச்சியா நீ?" என்றான்.

அவள் படித்தாள். 'ஒன்பதாம் பிரிவை நீக்குவதற்கான திருத்தம்.'

"அட, நீக்கக் கூடாதுன்னுதான் எதிர்ப்பா!" என்று கணவன் தொடையில் தட்டினான். "அப்போ பச்சையில சிரிக்கிறவங்கதான் ஆப்பு வைக்கப் பார்த்தவங்க. அதுவும் தோத்துடுச்சு. உன் பிரிவு கல்லு மாதிரி இருக்கு."

அண்ணன் தேவைக்கு மேல் சத்தமாகச் சிரித்தான். "நான்தான் சொன்னேனே! இவளுக்கு எப்பவுமே சந்தேகம்தான். சரி, நான் கிளம்பறேன்."

"காபி ஆறவே இல்லையே, அதுக்குள்ள என்ன?"

"வேலை இருக்கும்மா."

"ஞாயித்துக்கிழமையிலயா? உக்காரு."

கொஞ்சம் முன்பு அவன் கண் தேடிய இடத்துக்கு அவள் அம்புக்குறியை நகர்த்தினாள். 'பிற திருத்தங்கள்' என்று சின்ன எழுத்தில் இருந்தது. ஏழு திருத்தங்கள். ஒவ்வொன்றாக நிதானமாகப் படித்துக்கொண்டு போனாள். அண்ணன் காபி டம்ளரைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தான்.

நான்காவது ஒரே வரிதான். ஒன்பதாம் பிரிவில் 'பத்து ஆண்டுகள்' என்பதை அடுத்து 'தொடர்ச்சியான' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். குரல் வாக்கில் ஏற்கப்பட்டது. முன்மொழிந்தவர் என்ற இடத்தில் ஐயாவின் பெயர்.

"பத்து ஆண்டுகள் தொடர்ச்சியான அனுபவம்" என்று வாய்விட்டுப் படித்தாள். "இதை யார் டைப் பண்ணா?"

அண்ணன் டம்ளரை மேசை மேல் வைத்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"நான்தான். பெரிய லேப் முதலாளிங்க சங்கத்துல இருந்து ரெண்டு பேர் வந்தாங்க, ஆளுங்க எல்லாம் தனியா போயிடுவாங்கன்னு. ஒரு வார்த்தைதானே, சேர்த்துடுன்னார் ஐயா. வெளியில பேச வேண்டாம்னும் சொன்னார். அதனால உனக்கென்ன? உனக்குத்தான் பன்னெண்டு வருஷம் ஆச்சே."

"நடுவுல?"

"நடுவுல என்ன?"

அவள் சுவரில் இருந்த மகளின் படத்தைப் பார்த்தாள். ஏழாம் மாதத்திலேயே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவுக்குக் கிடந்தவள். அப்போது இவள் ஆறு வருட வேலையை விட்டு நின்றாள். பதினொரு மாதம் கழித்துத் திரும்பிப் போய் இன்னொரு ஆறு வருடம். எப்படி ஒட்டவைத்தாலும் நடுவில் இடைவெளி விழும் பல் வரிசை.

அண்ணனும் அந்தப் படத்தைப் பார்த்தான். அவன் முகம் மெல்லச் சுண்டியது. அந்த நாட்களில் தினமும் ஆஸ்பத்திரிக்கு ஃபிளாஸ்க் தூக்கிக்கொண்டு வந்தவன் அவன்தான். "எனக்குத் தோணவே இல்லம்மா. சத்தியமா" என்றான்.

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஆப்பிள் பை மேசை மேல்தான் இருந்தது.

மசோதா மேலவைக்குப் போகுமுன் ஒரு குழு அதைப் பார்க்கும் என்றும், புதன்கிழமை வரை பொதுமக்கள் கருத்து எழுதலாம் என்றும் பக்கத்தின் அடியில் போட்டிருந்தது. அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"நீ டைப் பண்ணித்தானே உள்ள வந்தது? உக்காந்து டைப் பண்ணு, வெளிய எடுக்கலாம்."

"என் வேலைக்கு உலை வெச்சிடாத."

"என் பேர்லதான் போகுது. விரல் மட்டும்தான் உன்னுது."

அவன் உட்கார்ந்தான். அவள் பின்னால் நின்று சொல்லச் சொல்ல, அந்தச் சொல்லை நீக்க வேண்டும், இல்லையென்றால் பிள்ளைப்பேற்றுக்காக நின்ற காலத்தை இடைவெளியாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அடித்தான். விரல்கள் மழை மாதிரி விழுந்தன. அவள் ஒவ்வொரு எழுத்தையும் பார்த்தாள். சொன்னதற்கும் விழுந்ததற்கும் நடுவில் ஒரு கொம்பு, ஒரு கால் குறைகிறதா என்று பார்த்தாள்.

"முன்மொழிந்தவர் பேர் எங்க?"

"அது எதுக்கும்மா? திருத்தம் நாலுன்னு போட்டா அவங்களுக்கே தெரியும்."

"போடு."

அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"மச்சான் பிரேக் போட்டுட்டார்" என்றான் கணவன். யாரும் சிரிக்கவில்லை.

அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். பாதிப் பெயரில் அண்ணன் தொண்டையைக் கனைத்தான்.

"ரெண்டு சுழி இல்ல அது" என்றான், திரையைப் பார்க்காமல். "மூணு சுழி."

அவள் கையை நிறுத்தினாள். திருத்தங்களின் பக்கத்தைத் திறந்து, அங்கே அச்சாகியிருந்த பெயரோடு ஒத்துப் பார்த்தாள். மூன்று சுழிதான். திரும்பி வந்து திருத்தினாள். மீதிப் பெயரையும் முடித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒருமுறை படித்துவிட்டு, 'அனுப்பு' என்பதை அழுத்தினாள்.